ஒரு வரிச் செய்தியும் அதற்குப் பின்னால் இருக்கும் மூன்று வருடமும்

நீங்கள் கேட்டது இது. பொருள் வேதியியலில் முனைவர் பட்டம் செய்ய ஆசை, நாலைந்து பல்கலைக்கழக ஆய்வுக்குழுக்களைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள், ஆனால் எல்லாக் குழுவும் வெளியிடும் செய்திகள் ஒரே மாதிரி இருக்கின்றன: கட்டுரை ஏற்கப்பட்டது, இன்னாருக்குப் போஸ்டர் பரிசு, புதிய மாணவர் சேர்ந்தார், சிங்க்ரோட்ரான் என்ற பெரிய எக்ஸ்-கதிர் நிலையத்தில் பீம்டைம், அதாவது சோதனை செய்ய நேரம், கிடைத்தது, ஆய்விதழின் அட்டையில் எங்கள் படம். இதை வைத்து உள்ளே உண்மையில் என்ன வேலை நடக்கிறது, அங்கே சேரலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

பெருமளவு முடியும். பெரிய செய்திகளை விடச் சின்னச் செய்திகளைக் கவனித்துப் படிக்க வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு காலம் பிடித்திருக்கும், யார் யார் கை பட்டிருக்கும் என்று கணக்குப் போடப் பழக வேண்டும். நான் இப்படி ஒரு குழுவில் முனைவர் பட்டம் செய்தேன், அப்புறம் இன்னொன்றில் போஸ்ட்டாக்காக, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக, இருந்தேன், இன்றும் இதே துறையில்தான் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி. நுண்துளைப் பொருள் ஒன்றைப் பற்றிய கட்டுரை என்று வைத்துக்கொள்வோம், அதாவது உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டிய சட்டகம், ஆய்வகப் பேச்சில் மாஃப். உலோக உப்பையும் கரிம அமிலத்தையும் ஒரு கரைப்பானில் கலந்து, உள்ளே டெஃப்லான் குடுவை வைத்த ஆட்டோகிளேவில், அதாவது அழுத்தம் தாங்கும் மூடிய உலோகக் கலனில், அடைத்து, 100 அல்லது 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று நாள் ஓவனில் வைப்பார்கள். திறந்தால் பெரும்பாலும் வெறும் தூள்தான். அதை எக்ஸ்ஆர்டியில், அதாவது தூளில் எக்ஸ்-கதிர் பாய்ச்சி எந்தச் சேர்மம் என்று காட்டும் கருவியில், வைத்துப் பார்த்தால் எதிர்பார்த்த இடத்தில் முகடுகள் இருக்காது, இருந்தாலும் கூடவே வேண்டாத இன்னொரு சேர்மத்தின் முகடுகள் நிற்கும். வெப்பநிலையை மாற்று, விகிதத்தை மாற்று, ஒரு சொட்டு அமிலம் சேர், மறுபடி மூன்று நாள். இப்படி நாற்பது ஐம்பது தடவை போன பிறகு ஒருநாள் குப்பியின் அடியில் மினுக்கென்று படிகம் தெரியும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு இருந்தாலே ஒற்றைப் படிக எக்ஸ்-கதிர் முறையில் அதன் அமைப்பைக் கண்டுபிடித்துவிடலாம்.

அமைப்பு கிடைத்ததும் வேலை முடிந்தது என்று வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உள்ளே இருப்பவர்களுக்குப் பாதி வேலைதான் முடிந்திருக்கும். துளைகளுக்குள் கரைப்பான் அடைத்துக்கொண்டு நிற்கும், அதை வெற்றிடத்தில் சூடாக்கி வெளியேற்றும்போது பல சட்டகங்கள் அப்படியே நொறுங்கிப்போகும். தப்பிப் பிழைத்ததைத் திரவ நைட்ரஜன் வெப்பநிலையில், அதாவது 77 கெல்வினில், நைட்ரஜன் வாயுவை உறிஞ்ச விட்டுப் பரப்பளவைக் கணக்கிடுவார்கள். புரூனவர், எம்மெட், டெல்லர் மூவரும் 1938இல் கொடுத்த சமன்பாட்டில்தான் இன்றும் அந்தக் கணக்கு ஓடுகிறது. நல்ல மாஃப் என்றால் ஒரு கிராமுக்குச் சில ஆயிரம் சதுர மீட்டர் வரும், இரண்டு மூன்று கிராம் தூளுக்குள் ஒரு கால்பந்து மைதானம் அடங்கிவிடும். பிறகு எழுதி அனுப்பி, இரண்டு மூன்று மதிப்பீட்டாளர்கள் கேட்ட கூடுதல் சோதனைகளைச் செய்து, திருத்தி அனுப்பி, அப்புறம்தான் அந்த ஒரு வரிச் செய்தி. முதல் சாம்பிளிலிருந்து அந்த வரி வரை இரண்டு மூன்று வருடம் போவது சர்வசாதாரணம்.

செய்தியிலேயே வராத வேலைக்கு என் மனசுக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ரிச்சர்ட் ராப்சன். 2025இல் கிடாகவா, யாகி இருவரோடு சேர்த்து மாஃபுக்காக வேதியியல் நோபல் வாங்கியவர். 1974இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்த மரப் பந்துகளும் குச்சிகளும் கொண்ட மூலக்கூறு மாதிரிகள் தேவைப்பட்டன. குச்சி செருக எந்த இடத்தில் துளை போட வேண்டும் என்று பந்துகளில் குறித்துப் பட்டறைக்கு அனுப்பினார். திரும்பி வந்த பந்துகளைக் கோத்துப் பார்த்தபோதுதான், துளைகள் இருக்கும் இடமே மொத்த அமைப்பையும் தீர்மானித்துவிடுகிறது, அப்படியானால் அயனிகளையும் மூலக்கூறுகளையும் இதே மாதிரி திட்டமிட்டுக் கோக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. அதைச் செய்து பார்க்கவே பத்து வருடத்துக்கு மேல் ஆனது, கட்டுரை வந்தது 1989இல். அங்கிருந்து நோபலுக்கு 36 வருடம். பட்டறையில் பந்துக்குத் துளை போட்ட நாளை யாரும் செய்தியாகப் போட்டிருக்கமாட்டார்கள்.

சரி, கட்டுரைச் செய்தியில் எதைப் பார்ப்பது? முதல் ஆசிரியர் யார் என்று பாருங்கள். இந்தத் துறையில் பெயர் வரிசையில் முதலில் நிற்பவர்தான் பெரும்பாலும் ஆய்வகத்தில் கையால் வேலை செய்தவர், உடுக்குறி (*) போட்ட பெயர் வழிகாட்டியுடையது. நாலைந்து வருடச் செய்திகளை எடுத்துவைத்து முதல் பெயர்களை மட்டும் எழுதிப் பாருங்கள். இரண்டே பேர் மாறி மாறி வந்தால், குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தாலும் இரண்டு பேருக்குத்தான் நல்ல வேலை கிடைக்கிறது என்று பொருள். வெவ்வேறு மாணவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று என்று வந்தால் அங்கே எல்லோரும் வளர்கிறார்கள். இரண்டு பேர் சமமாகப் பங்களித்தார்கள் என்ற குறிப்பு அடிக்கடி இருந்தால் அதுவும் நல்ல அறிகுறியாகவே எனக்குப் படுகிறது, ஏனென்றால் ஒருவர் தயாரிக்க இன்னொருவர் அளக்கும் கூட்டு வேலைதான் இங்கே அதிகம்.

மின்கலன் குழு என்றால் காலக் கணக்கு இன்னும் கடுமை. புதிய மின்முனைப் பொருள் 500 சுற்று தாங்கியது என்று ஒரு செய்தி. ஒரு மணி நேரத்தில் ஏற்றி ஒரு மணி நேரத்தில் இறக்கினால் ஒரு சுற்றுக்கு இரண்டு மணி, 500 சுற்றுக்கு ஆயிரம் மணி, அதாவது இடைவிடாமல் 42 நாள். மெதுவாக, பத்து மணி நேரத்தில் ஏற்றிப் பத்து மணி நேரத்தில் இறக்கும் சோதனை என்றால் வெறும் 100 சுற்றுக்கே 83 நாள். நடுவில் ஒரு தடவை மின்சாரம் போனால் அந்தத் தரவில் ஒரு பள்ளம் விழுந்துவிடும். ஒரே ஒரு மின்கலனை வைத்து யாரும் முடிவு சொல்லக் கூடாது, மூன்று நான்கு வேண்டும், அதனால் சோதனைக் கருவியில் எத்தனை சேனல் இருக்கிறது, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை மின்கலனைச் சோதிக்கலாம் என்பதே ஒரு மாணவரின் பட்டம் எத்தனை வருடத்தில் முடியும் என்பதைத் தீர்மானிக்கும். நேரில் போனால் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

இந்த வகைச் செய்திகளில் எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். கிராஃபைட்டின் கோட்பாட்டுக் கொள்ளளவு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி, சிலிக்கானுக்கு 3,579. கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஆனால் லித்தியம் உள்ளே போகும்போது சிலிக்கான் தன் கன அளவில் மூன்று மடங்குக்கு மேல் பருத்து, இறங்கும்போது சுருங்கி, சில பத்துச் சுற்றுகளிலேயே பொடிந்துபோகும். அதனால் எவ்வளவு கொள்ளளவு என்று மட்டும் சொல்லும் செய்தியை விட, ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை மில்லிகிராம் பொருள் பூசினோம், எதிர்முனையில் லித்தியத் தகடா அல்லது நிஜமான நேர்முனையா, எத்தனை சுற்றுக்குப் பிறகு எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் குழுவை நான் நம்புவேன். சூரிய மின்கலத்திலும் இதே கதைதான். பெரோவ்ஸ்கைட் என்ற படிக வகையால் செய்த மின்கலத்தை 2009இல் மியாசாகா குழு வெளியிட்டபோது, சூரிய ஒளியில் அது மின்சாரமாக்கியது வெறும் 3.8 சதவீதம், இன்று 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, இது நிஜமாகவே பெரிய சாதனை. ஆனால் எவ்வளவு பரப்பில் அளந்தார்கள், ஈரப்பதத்திலும் வெயிலிலும் எத்தனை மணி நேரம் நின்றது என்ற இரண்டும் இல்லாமல் சதவீதம் மட்டும் வந்தால் கட்டுரையைத் திறந்து பின்னிணைப்பைப் படிக்காமல் விடாதீர்கள்.

பீம்டைம் செய்திக்கு வருகிறேன், இதைப் பலர் சுற்றுலாப் படம் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். சிங்க்ரோட்ரான் என்பது எலெக்ட்ரான்களை ஒளியின் வேகத்துக்கு மிக நெருக்கமாக ஒரு பெரிய வளையத்தில் ஓடவிட்டு, அவை வளையும்போது வெளிவிடும் மிகப் பிரகாசமான எக்ஸ்-கதிரைப் பயன்படுத்தும் இடம். பிரான்சின் கிரெனோபிலில் இருக்கும் வளையத்தின் சுற்றளவு 844 மீட்டர், ஜப்பானின் ஸ்பிரிங்-8 இன்னும் பெரிது, 1,436 மீட்டர். ஆய்வகக் கருவியில் ராத்திரி முழுக்க எடுக்கும் அளவீடு அங்கே சில நொடிகளிலோ நிமிடங்களிலோ முடியும். அதனால் மின்கலன் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போதே, படிகம் வளர்ந்துகொண்டிருக்கும்போதே உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். இதற்காகப் பல மாதம் முன்பே விண்ணப்பம் எழுத வேண்டும், அதைத் துறை வல்லுநர்கள் மதிப்பிடுவார்கள், கேட்பவர்கள் எப்போதும் இருக்கும் நேரத்தை விட அதிகம். கிடைத்தால் இரண்டு மூன்று நாள், இரவு பகல் நிற்காமல். மூன்று நான்கு பேர் ஷிஃப்ட் போட்டுக்கொண்டு, தலைமுடி போன்ற கண்ணாடிக் குழாய்களில் சாம்பிள் அடைத்து, ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார்கள். திரும்பி வந்த பிறகு அந்தத் தரவைப் பிரித்து அலச மாதக்கணக்கில் ஆகும். பீம்டைம் செய்தி வருடா வருடம் வருகிறதென்றால் அந்தக் குழுவின் கேள்விகள் வெளி வல்லுநர்களிடம் தேறுகின்றன, மாணவர்களும் அந்த அனுபவத்தைப் பெறுகிறார்கள். படத்தில் வழிகாட்டி மட்டும் நிற்கிறாரா, முதல் வருட மாணவரும் நிற்கிறாரா என்றும் பாருங்கள்.

அட்டைப் படத்தைப் பற்றி ஒரு வரி போதும்: அழகாக இருக்கும், சந்தோஷம்தான், ஆனால் பல ஆய்விதழ்களில் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, அதனால் அதை வைத்து ஆய்வின் தரத்தை எடைபோடாதீர்கள். போஸ்டர் பரிசும் அப்படியே, மாணவர்களை மாநாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்ற அளவுக்கு நல்ல செய்தி.

நான் முதலில் தேடிப் படிப்பது யாருடைய வைவா, அதாவது பட்டத்துக்கான கடைசி வாய்மொழித் தேர்வு, முடிந்தது என்ற செய்தியைத்தான். அந்த மாணவர் எந்த வருடம் சேர்ந்தார் என்று பழைய செய்தியில் இருக்கும், இரண்டையும் கழித்தால் எத்தனை வருடம் என்று வந்துவிடும். ஐந்தாறு பேருக்கு இந்தக் கணக்கைப் போடுங்கள். அப்புறம் அவர்கள் எங்கே போனார்கள் என்று பாருங்கள்: தொழில்துறையா, வேறு குழுவில் போஸ்ட்டாக்கா, ஆசிரியப் பணியா. எங்கே போனார்கள் என்பதைக் குழுவே அக்கறையாகச் சொல்லிவைத்திருந்தால் அங்கே மாணவரை மனிதராகப் பார்க்கிறார்கள். சேர்ந்தார் என்று செய்தி வந்து, அதற்குப் பிறகு எந்தக் கட்டுரையிலும் எந்தப் படத்திலும் வராமலே போன பெயர்கள் இருந்தால், ஒன்றிரண்டு என்றால் ஆளுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், மூன்று நான்கு என்றால் நேரில் விசாரிக்காமல் சேராதீர்கள்.

கருவி வந்த செய்தியும் எனக்கு முக்கியம். புதிய க்ளவ் பாக்ஸ் நிறுவினோம் என்று ஒரு படம் வரும், கறுப்புக் கையுறைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் பெட்டி. உள்ளே ஆர்கான் நிரப்பி, ஆக்சிஜனும் நீராவியும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும்படி வைத்திருப்பார்கள், லித்தியம் போன்றவற்றை அங்கேதான் கையாள முடியும். அதற்குள் சுற்றும் வாயுவைச் சுத்தம் செய்யும் தாமிர வினையூக்கியை அவ்வப்போது ஹைட்ரஜன் கலந்த வாயு விட்டுப் புதுப்பிக்க வேண்டும், கையுறையில் ஊசித் துளை விழுந்தால் கண்டுபிடிக்க வேண்டும், சிலிண்டர் தீரும் முன்பே மாற்ற வேண்டும். இதெல்லாம் யார் செய்வது? நல்ல குழுக்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு இருக்கும், ஒருவருக்கு க்ளவ் பாக்ஸ், ஒருவருக்குத் திரவ நைட்ரஜன், ஒருவருக்குக் கழிவுக் கரைப்பான், ஒருவருக்கு ஃபர்னஸ்கள். பொறுப்பு வருடா வருடம் கைமாறும். ஒரே சீனியர் தலையில் எல்லாம் இருந்தால், அவர் பட்டம் முடித்துப் போன மாதமே கருவிகள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொள்ளும், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் சொந்த அனுபவம் ஒன்று. முனைவர் பட்டத்தின் இரண்டாம் வருடத்தில் எனக்கு அழகாக வளர்ந்துகொண்டிருந்த படிகங்கள் திடீரென்று நின்றுபோயின. அதே உப்பு, அதே அமிலம், அதே ஓவன், தூள்கூட வரவில்லை. மூன்று மாதம் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் குறிப்பேட்டைப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது, நின்றுபோன நாளும் டைமெத்தில் ஃபார்மமைடு பாட்டிலை மாற்றிய நாளும் ஒன்று. பழைய பாட்டில் பல தடவை திறந்து மூடி ஈரம் இழுத்து, கொஞ்சம் சிதைந்து, அதில் டைமெத்தில் அமீன் உருவாகியிருந்தது. அந்த அமீன்தான் கரிம அமிலத்தின் புரோட்டானைப் பிடுங்கி என் சட்டகம் கட்ட உதவியிருக்கிறது. சுத்தமான புதுப் பாட்டிலில் அது இல்லை. அளவாகக் கொஞ்சம் தண்ணீரும் அமீனும் சேர்த்ததும் படிகம் திரும்ப வந்தது. பாட்டில் மாற்றிய தேதியை எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு அந்தக் குழுவில் முதல் வாரமே ஒரு சீனியர் அக்கா சொல்லிக்கொடுத்தது. அது மட்டும் இல்லையென்றால் அந்தப் படிகங்களை அப்படியே கைவிட்டிருப்பேன்.

திருத்தம் வெளியிட்ட செய்தி எங்காவது இருந்தால் அந்தக் குழுவுக்கு என்னிடம் மதிப்பு கூடும். இந்தத் துறையில் அவசரப்பட்டுச் சொல்லிவிடுவது எளிது. 2023 ஜூலையில் எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையில் மீகடத்தி, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள், என்று அறிவிப்பு வந்தபோது, உலகம் முழுக்க எத்தனையோ குழுக்கள் தங்கள் வேலையை நிறுத்தி வைத்துவிட்டு ஈய உப்பையும் தாமிர பாஸ்பைடையும் ஃபர்னஸில் போட்டார்கள். சில வாரங்களிலேயே விஷயம் தெளிந்தது: கலப்பாக இருந்த தாமிர சல்பைடு சுமார் 104 டிகிரி செல்சியஸில் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும், மின்தடை சட்டென்று விழுந்தது அதனால்தான். அந்த நாட்களில் நாங்களும் செய்து பார்த்தோம், மீகடத்தல் இல்லை என்று எளிமையாகச் செய்தி போட்ட குழுக்கள் செய்தது முழுமையான அறிவியல் வேலை.

தானியங்கி ஆய்வகம், செயற்கை நுண்ணறிவு என்று வரும் செய்திகளையும் இதே கண்ணால் படியுங்கள். 2023 நவம்பரில் பெர்க்லியின் ரோபோ ஆய்வகம் 58 இலக்குகளில் 41 புதிய சேர்மங்களை 17 நாளில் செய்து முடித்தது என்று கட்டுரை வந்தது. பிறகு வேறு வேதியியலாளர்கள் அந்த எக்ஸ்ஆர்டி தரவை எடுத்து, 1969இலிருந்து புழக்கத்தில் இருக்கும் ரீட்வெல்ட் முறையில் அது கட்டுரை சொன்ன படிக அமைப்போடு எவ்வளவு சரியாகப் பொருந்துகிறது என்று ஆராய்ந்து, பலவற்றில் பொருத்தம் போதவில்லை, புதிது என்று சொன்னவை ஏற்கெனவே தெரிந்த சேர்மங்களே என்று வாதிட்டார்கள். ரோபோ கலக்கிச் சூடாக்கியதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தூளில் இருப்பது என்ன என்று உறுதியாகச் சொல்வதில்தான் சிக்கல் வந்தது. அதை உட்கார்ந்து செய்யத் தெரிந்த ஆள் குழுவில் இருக்கிறாரா என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது.

செய்தியில் ஒருபோதும் தெரியாத ஒன்று வாராந்தரக் குரூப் மீட்டிங். எதிர்பார்ப்புக்கு ஒத்துவராத முடிவை ஒரு மாணவர் காட்டும்போது அங்கே என்ன நடக்கிறது? 1982 ஏப்ரலில் டான் ஷெக்ட்மன் அலுமினியம்-மாங்கனீசு உலோகக்கலவையில் பத்து மடிச் சமச்சீர் கொண்ட, அதாவது வட்டத்தில் பத்தில் ஒரு பங்கு திருப்பினாலும் அதேபோல் தெரியும், எலெக்ட்ரான் விளிம்புவிளைவுப் படத்தைப் பார்த்தார். படிகத்தில் அப்படி வரவே முடியாது என்பது அன்றைய பாடம். சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்ததால் அவரைக் குழுவை விட்டே போகச் சொன்னார்கள். கட்டுரை 1984இல்தான் வந்தது, நோபல் 2011இல். அப்படி ஒரு படத்தை நாளைக்கு நீங்கள் கொண்டுபோனால் இன்னொரு தடவை எடுத்துப் பார், நாங்களும் கூட வருகிறோம் என்று சொல்லும் குழு வேண்டும். முடிந்தால் ஒரு மீட்டிங்கில் பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

நேரில் போகும்போது வழிகாட்டியோடு பேசிய பிறகு மாணவர்களோடு தனியாக அரை மணி நேரம் கேளுங்கள். கடைசியாகக் கைவிட்ட ப்ராஜெக்ட் எது, யார் கைவிடச் சொன்னார்கள், அந்த மாணவருக்கு அடுத்து என்ன கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பழைய கட்டுரையில் இருக்கும் ஒரு சாம்பிளை இப்போது இருக்கும் மாணவரால் அதே குறிப்பை வைத்துச் செய்ய முடிகிறதா என்று கேளுங்கள். அப்புறம் ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டும்போது க்ளவ் பாக்ஸ் பக்கத்திலோ ஃபர்னஸ் பக்கத்திலோ ஒரு பதிவு நோட்டு இருக்கும். அதில் கடைசியாக எழுதியிருக்கும் தேதி என்ன, எத்தனை பேருடைய கையெழுத்து அந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.